குட்டிப் பாம்பை வீட்டில் விட்டு ஊருக்குப் போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

மதுரையில் அண்ணன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது லண்டனிலிருந்து போன் வந்தது. நான்கு மாதமே ஆன என் கார்ன் ஸ்நேக் குட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தேன்.

"தம்பி, உன் பாம்பு அசையவே இல்லப்பா. கண்ணெல்லாம் பால் மாதிரி வெளுத்துப் போச்சு. செத்துப்போச்சோன்னு பயமா இருக்கு."

"அது சட்டை உரிக்கப் போகுதுக்கா. தொடாதீங்க. கிண்ணத்துல தண்ணி இருக்கான்னு மட்டும் பாருங்க."

சில நாள் கழித்து, முழுச் சட்டையும் ஒரே துண்டாகக் கழன்று கிடந்த படத்தை அனுப்பினார். எனக்கு நிம்மதி. ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களில் அக்கா சரியாகத் தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அவருக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். உறைந்த எலிக்குஞ்சை எப்படி உருகவைப்பது என்பதற்கே ஒன்றரைப் பக்கம் போயிருந்தது. சட்டை உரிப்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

நாம் இல்லாத நாட்களில் குட்டிப் பாம்புக்கு வேண்டியவை மூன்று: சரியான சூடு, சுத்தமான தண்ணீர், இறுக மூடிய பெட்டி. சாப்பாடு நான்காவதுதான். நம் மனம் இந்த வரிசையைத் தலைகீழாகப் போடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது 'சாப்பாட்டுக்கு என்ன பண்ணும்' என்றுதான் முதலில் நினைத்துப் பழகியிருக்கிறோம். பாம்பின் உடம்பு வேறு கணக்கில் ஓடுகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டுவரும் குட்டிக்கு ஒரு வேளை இரை தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஹீட் மேட் (பெட்டியின் அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு) கட்டுப்பாடில்லாமல் சூடேறினால் ஒரே நாளில் உயிர் போய்விடும்.

இங்கே சொல்வதெல்லாம் கார்ன் ஸ்நேக் குட்டியை மனத்தில் வைத்துத்தான். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த விஷமற்ற பாம்பு இது. பிரிட்டனில் உரிமம் இல்லாமலே வளர்க்கலாம். முட்டையிலிருந்து வரும்போது 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், எடை சில கிராம்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் வாழும். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: நம்மூர்ப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வதை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. தோட்டத்தில் கிடைத்த சாரைக் குட்டிக்கு இந்த வழிகாட்டியைப் பயன்படுத்த வேண்டாம். அதை அதன் போக்கில் விடுங்கள், அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

படி 1: கிளம்பலாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாக் குட்டியையும் விட்டுவிட்டுப் போக முடியாது. முட்டையிலிருந்து வந்து, முதல் சட்டை உரித்து, தொடர்ச்சியாக ஐந்தாறு தடவையாவது மறுக்காமல் இரை எடுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அண்மையில் இரையைக் கக்கியிருந்தாலோ, மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, வாயோரம் நுரை தெரிந்தாலோ பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போட முடியாத பயணம் என்றால், குட்டியை உங்களுக்கு விற்ற வளர்ப்பாளரிடமே திரும்ப விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள். பலர் சம்மதிப்பார்கள்.

இரண்டு இரவு வெளியூர் என்றால் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட்டை (சூடு அளவைத் தாண்டாதபடி ஹீட் மேட்டைத் தானாக இயக்கி அணைக்கும் கருவி) சரிபார்த்துவிட்டுக் கிளம்பலாம். அப்போதும் வீட்டுச் சாவி ஒருவரிடம் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் தினமும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், பாம்பு வளர்த்துப் பழகியவரிடம்தான் விடுவேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்ப்பு விலங்கின் உரிமையாளர் எப்போதும் அதற்குப் பொறுப்பானவர். வேறொருவரிடம் ஒப்படைத்தாலும் அந்தப் பொறுப்பு நம்மிடமிருந்து விலகுவதில்லை.

படி 2: யாரிடம் விடுவது

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயத்தை மறைத்துக்கொண்டு 'பார்த்துக்கிறேன்' என்று சொல்பவரிடம் விடக்கூடாது. அவர் பெட்டியின் பக்கம் போகவே தயங்குவார், தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடக்கும். பயமே இல்லாதவரிடம் வேறு ஆபத்து உண்டு. குட்டியைத் தினமும் வெளியே எடுத்து விளையாடுவார், நண்பர்களைக் கூட்டிவந்து காட்டுவார். கொஞ்சம் பயமும் நிறைய பொறுப்பும் உள்ளவரே சரியான ஆள். எங்கள் அக்கா அப்படித்தான். பாம்பைத் தொடவே மாட்டார், ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டாம். ஊர்வன விலங்குகளின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். பார்த்துக்கொள்பவர் கிண்ணத்தைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்தக் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது.

கடையிலோ விடுதியிலோ விடுவதானால் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: வெளியிலிருந்து வரும் பாம்புகளைத் தனி அறையில், தனிக் கருவிகளோடு வைக்கிறார்களா? பாம்பு உண்ணி ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக ஊர்ந்து போகும். சிறு குட்டியின் ரத்தத்தை அது உறிஞ்ச ஆரம்பித்தால் குட்டி சீக்கிரம் நலிந்துவிடும். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே விடாதீர்கள். என்னைக் கேட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் தன் இடத்திலேயே விட்டு, ஆளை வரவழைப்பதுதான் நல்லது.

படி 3: சூடு

மெதுவாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

கார்ன் ஸ்நேக் குட்டியின் பெட்டியில் ஒரு முனை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறு முனை 21 முதல் 24 டிகிரி இருக்க வேண்டும். பாம்பு தன் உடம்பில் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. வேண்டும்போது சூடான பக்கம் போகும், போதும் என்றால் குளிர்ந்த பக்கம் வரும். பெட்டியின் இரண்டு பக்கமும் ஒளிவிடம், அதாவது குட்டி உள்ளே புகுந்து ஒளிந்துகொள்ளும் சின்ன மறைவு, இருந்தால்தான் இது நடக்கும். ஒரே பக்கம் ஒளிவிடம் இருந்தால் குட்டி பாதுகாப்புக்காகச் சூட்டையோ குளிரையோ பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

ஹீட் மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அது கண்டிப்பாகத் தெர்மோஸ்டாட்டில் இணைந்திருக்க வேண்டும். நேரடியாகப் பிளக்கில் செருகிய ஹீட் மேட் தோலைச் சுட்டுவிடும் அளவுக்குச் சூடேறும்.

தெர்மோஸ்டாட்டும் ஏமாந்து போகும் ஒரு வழி உண்டு. சூட்டை உணரும் அதன் ப்ரோப் மேட்டின் மேலிருந்து விலகிக் குளிர்ந்த காற்றில் தொங்கினால், 'இன்னும் சூடு போதவில்லை' என்று நினைத்து அது மேட்டை அணைக்காமலே வைத்திருக்கும். கிண்ணத்தை எடுக்கும்போது யாராவது ஒயரை இழுத்தாலே போதும், ப்ரோப் நகர்ந்துவிடும். அதனால் ப்ரோப்பை மேட்டுக்கும் பெட்டியின் அடித்தளத்துக்கும் நடுவில், வெளிப்புறத்தில் உறுதியாகப் பொருத்துங்கள். பெட்டிக்குள் ஒட்டும் டேப்பைப் பயன்படுத்தவே கூடாது. குட்டி அதில் ஒட்டிக்கொண்டால் செதிலோடு தோலும் பிய்ந்துவிடும். பார்த்துக்கொள்பவர் வந்திருக்கும்போது அப்படி ஒட்டிக்கொண்டால், இழுக்காமல் சமையல் எண்ணெயைத் தடவித் தடவி மெல்ல விடுவிக்கச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் சூடான பக்கம் வையுங்கள். இரண்டும் ஒரே கதை சொல்கின்றனவா என்று கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பார்க்கத் தொடங்குங்கள். வெப்பநிலை எல்லை தாண்டினால் போனுக்குச் செய்தி அனுப்பும் சின்னக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. வாங்கிவிடுங்கள். வைஃபை கேமராவும் நல்லதுதான், ஆனால் சூட்டை அது காட்டாது.

குளிர்காலத்தில் ஊருக்குப் போகும்போது காசை மிச்சப்படுத்தச் சென்ட்ரல் ஹீட்டிங்கை முழுவதும் அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அறை 10, 12 டிகிரிக்கு இறங்கினால் சின்ன ஹீட் மேட் தாக்குப்பிடிக்காது. அறையை 18 டிகிரிக்குக் கீழே இறங்காமல் வைத்துவிட்டுப் போங்கள். கோடையில் இதற்கு நேர்மாறான ஆபத்து. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷைரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் ஜன்னல்களை மூடிய மாடியறை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகஸ்ட் பயணம் என்றால் பெட்டியை வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் தாழ்வான இடத்துக்கு மாற்றுங்கள். இதைக் கிளம்பும் நாளில் செய்யாமல் பத்து நாள் முன்பே செய்தால், புது இடத்தில் சூடு எப்படி நிற்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

படி 4: கடைசி இரை எப்போது

குட்டிக்கு வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை ஒரு பிங்கி, அதாவது ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு. பயணத்துக்கு முன் 'பாவம், வயிறு நிறையப் போட்டுவிட்டுப் போவோம்' என்று பெரிய இரையோ இரண்டு இரையோ கொடுக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். வயிற்றில் பெரிய இரை கிடக்கும்போது மின்சாரம் போய்ச் சூடு குறைந்தால் செரிமானம் நின்றுவிடும். இரை உள்ளேயே அழுகும், குட்டி கக்கும். கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து போவதால் சிறு குட்டி மிகவும் தளர்ந்துவிடும்.

என் கணக்கு இது. சனிக்கிழமை கிளம்புகிறேன் என்றால் செவ்வாய்க்கிழமை வழக்கமான அளவில் ஒரே ஒரு பிங்கி. புதனும் வியாழனும் குட்டியைக் கையில் எடுப்பதில்லை. வெள்ளிக்குள் பெரும்பாலும் எச்சம் போட்டுவிடும். அன்று மாலை பெட்டியைச் சுத்தம் செய்து, குட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்வேன். எங்கள் குட்டி அந்த டிசம்பரில் 11 கிராம்.

ஒரு வாரம், பத்து நாள் பயணம் என்றால் பார்த்துக்கொள்பவரிடம் இரை வேலையே கொடுக்காதீர்கள். ஒரு வேளை தள்ளிப்போகட்டும். இரண்டு வாரம் என்றால் நடுவில் ஒருமுறை கொடுக்கலாம், அதுவும் அவர் உங்கள் கண் முன்னால் ஒரு தடவை கொடுத்துப் பழகியிருந்தால் மட்டும். பிங்கியை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது. சின்னப் பையில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாக உருகும் வரை வைத்து, நீளமான இடுக்கியால் நீட்ட வேண்டும். எடுக்காவிட்டால் ஒளிவிடத்தின் வாசலில் வைத்துவிட்டு வரலாம். மறுநாள் காலையும் அப்படியே கிடந்தால் குப்பையில் போடவும். திரும்ப உறையவைக்கக் கூடாது, உடனே இன்னொன்றும் கொடுக்கக் கூடாது. கண் வெளுத்திருக்கும் நாட்களில் இரையே வேண்டாம்.

தமிழ் வீடுகளுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவர்கள் நாம். பார்த்துக்கொள்ளும் அம்மாவோ சித்தியோ அன்பினால் ஒரு கிண்ணம் பாலும் ஒரு முட்டையும் வைத்துவிடலாம். பாம்புக்குப் பால் செரிக்காது. தாகத்தில் தவிக்கும்போது எந்தத் திரவத்தையும் குடித்துவிடும், பிறகு நோயில் விழும். 'தண்ணீர் மட்டும், பால் வேண்டாம், முட்டை வேண்டாம்' என்று மரியாதையோடு, தெளிவாக எழுதிவையுங்கள்.

படி 5: தண்ணீரும் பூட்டும்

கிண்ணம் கனமானதாக, கவிழாததாக இருக்கட்டும். குளிர்ந்த பக்கம் வைத்தால் மெல்லத்தான் ஆவியாகும். பயண நாட்களுக்காக இரண்டாவது கிண்ணம் ஒன்று வைப்பேன், ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும். தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற வேண்டும், எச்சம் விழுந்திருந்தால் அன்றே. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் போதும். ஒரு மூலையில் சின்ன டப்பாவில் ஓட்டை போட்டு ஈரமான பாசியை வைத்துவிட்டால், நீங்கள் இல்லாதபோது சட்டை உரிக்க நேர்ந்தாலும் குட்டி தானாக அங்கே போய்க்கொள்ளும்.

குட்டிப் பாம்பு பென்சில் பருமன்கூட இருக்காது. தலை நுழைகிற இடத்தில் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும். சறுக்குக் கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள இடுக்கு, ஒயர் போகும் துளை, மூடியின் வளைந்த மூலை ஆகியவற்றைச் சுண்டு விரலால் தடவிப் பாருங்கள். பெரிய விவேரியத்தில் (ஊர்வன வளர்க்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி) இருந்தால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாகவே கிளிப் வைத்த சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிப் பழக்குவது நல்லது. குட்டிகளுக்குச் சிறிய இடம்தான் பயத்தைக் குறைக்கும்.

படி 6: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

நான்கு பக்கம் எழுதிய நான் இப்போது ஒரு தாளோடு நிறுத்திக்கொள்கிறேன். அதை ஃப்ரிட்ஜில் ஒட்டாமல் பெட்டியின் மேலேயே ஒட்டுகிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

தினமும்: தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்பவும். 28 முதல் 30 என்றால் சரி. 32க்கு மேலோ 24க்குக் கீழோ போனால் உடனே போன் செய்யவும். கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவும். குட்டி கண்ணில் படாவிட்டால் ஒளிவிடத்தை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைக்கவும். கிளம்பும் முன் இரண்டு கிளிப்பையும் அழுத்திப் பார்க்கவும். கை கழுவவும்.

பயப்பட வேண்டாதவை: நாள் முழுக்க ஒளிந்திருப்பது. வாலை நடுக்குவது. கொத்த வருவது போலப் பாய்வது. பட்டாலும் முள் கீறல் அளவுதான். உடம்பு மங்கிக் கண் வெளுப்பது, நான்கைந்து நாளில் கண் தெளிவது, பிறகு சட்டை உரிப்பது.

உடனே சொல்ல வேண்டியவை: வாயைத் திறந்து மூச்சு விடுவது, நுரை, கக்கிய இரை, மல்லாந்து கிடப்பது, தலையை நேராக வைக்க முடியாமல் தவிப்பது.

கீழே என் எண், நான் இருக்கும் ஊரின் நேர வித்தியாசம், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண். எல்லா மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை என்பதால் முன்கூட்டியே போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், இன்னார் கொண்டுவந்தால் சிகிச்சை தரவும், இவ்வளவு பவுண்டு வரை நான் பொறுப்பு' என்று ஒரு கடிதத்தையும் அங்கே கொடுத்துவைத்தால், விமானத்தில் இருக்கும்போது யாரும் நம் போனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் அவரை வரவழைத்து, நீங்கள் பக்கத்தில் கைகட்டி நிற்க, எல்லாவற்றையும் அவரே செய்து பார்க்கட்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அதைத் தாளில் சேருங்கள்.

படி 7: ஏதாவது தவறினால்

மின்சாரம் போனால்: வயிற்றில் புது இரை இல்லாத குட்டி 20 டிகிரி அறையில் ஒரு நாள் தாங்கும். பெட்டியைப் போர்வையால் சுற்றலாம், காற்றுத் துளைகளை விட்டுவிட்டு. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்புறத்தில் வைக்கலாம். உள்ளே வைக்கக் கூடாது.

சூடு ஏறினால்: பிளக்கைப் பிடுங்கவும், பெட்டியைக் குளிர்ந்த அறைத் தரைக்கு மாற்றவும். குட்டியை ஐஸ் தண்ணீரில் போடுவது போன்ற எதையும் செய்யக் கூடாது.

குட்டி காணாமல் போனால்: முதலில் பெட்டிக்குள்ளேயே, அடியில் பரப்பிய மரச்சீவலைக் கிளறித் தேடுங்கள். பாதி நேரம் அங்கேதான் இருக்கும். இல்லையென்றால் அறைக் கதவை மூடி, கதவின் அடி இடுக்கைத் துண்டால் அடைக்கவும். ரேடியேட்டர் பின்புறம், புத்தக அலமாரியின் அடி, சோபாவின் மடிப்பு என்று சுவரோரமாகத் தேட வேண்டும். இரவில் தரையோரம் மெல்லிய கோடாக மாவு தூவி வைத்தால் எந்தப் பக்கம் போனது என்று தடம் சொல்லும். நாய், பூனை இருந்தால் அவற்றை வேறு அறைக்கு அனுப்பவும்.

படி 8: திரும்பி வந்ததும்

பெட்டியைத் திறந்ததும் கையில் எடுக்கத்தான் மனம் துடிக்கும். முதலில் தண்ணீர், சூடு, எச்சம், உரித்த சட்டை ஆகியவற்றைப் பாருங்கள். சட்டையின் வால் நுனியும் கண் மூடிகளும் (கண்ணின் மேல் படிந்திருக்கும் வட்டத் தோல்) முழுதாகக் கழன்றிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். வால் நுனியில் பழைய தோல் வளையமாக நின்றுவிட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு நுனி கருகும். வெதுவெதுப்பான ஈரத்துணிக்குள் குட்டியைக் கொஞ்ச நேரம் ஊர விட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும். கண்ணில் ஒட்டியதை நகத்தால் எடுக்க முயல வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுநாள் எடை போடுங்கள். ஒரு கிராம் போலக் குறைந்திருந்தால் கவலையில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தாலோ முதுகெலும்பு மேடாகத் தெரிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். விட்டுப்போன இரைக்கு ஈடாக இரண்டு பிங்கி கொடுக்கக் கூடாது, வழக்கம்போல ஒன்றுதான். நீங்கள் இல்லாதபோது கக்கியிருந்தால் பத்துப் பதினான்கு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, வழக்கத்தைவிடச் சிறிய இரையிலிருந்து தொடங்குங்கள்.

இதெல்லாம் ஆனதும் பார்த்துக்கொண்டவரைக் கூப்பிட்டு, எந்த நாளில் எதற்குப் பயந்தார், தாளில் எது புரியவில்லை என்று கேளுங்கள். எங்கள் அக்காவிடம் கேட்டபோது, ஒளிவிடத்தைத் தூக்கும்போது எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை என்றார். தன்னை நோக்கித் திறக்கும்படி தூக்கியதால் பாம்பு தன் பக்கமே வந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் பயந்திருக்கிறார். இப்போது தாளில் அந்த வரியும் இருக்கிறது: பின்பக்கத்தைப் பிடித்து, முன்பக்கம் உங்களுக்கு எதிர்த் திசையில் திறக்கும்படி தூக்கவும்.